ஹோபர்ட் கேட்காத பாட்டு

ஹோபர்ட் டாக்கெட்டிடம் எதைக் கேட்டாலும் 'கொஞ்சம்' என்றுதான் பதில் வரும். பசிக்கிறதா என்றால் கொஞ்சம். குளிருகிறதா என்றால் கொஞ்சம். 1979 ஜனவரியில் மனைவி இமோஜீனைப் புதைத்துவிட்டுக் குன்றிலிருந்து இறங்கும்போது பாதிரியார் அவன் தோளில் கை வைத்து, "தாங்கிக்க முடியுதா ஹோபர்ட்?" என்று கேட்டார். அதற்கும் அதே பதில்தான். பாதிரியாருக்கு அது பெரிய மனத்திடமாகத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பேரைச் சொல்லாமல் பாராட்டியும் பேசினார். திடமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவன் வேலை பாட்டுப்பெட்டி, காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் கேட்ட பாட்டைப் போடுகிற பெட்டி. கிழக்குக் கென்டக்கியில் மூன்று மாவட்டங்களில், சாப்பாட்டுக் கடை, லாரிக்காரர்கள் நிற்கிற பெட்ரோல் பங்க், பெரிய பஸ் நிலையம் என்று நாற்பத்தோரு இடங்களில் நின்ற ஜூக்பாக்ஸ்களுக்கு அவன்தான் எல்லாம். வாரம் ஒரு தடவை போவான். கண்ணாடி மூடியைத் திறப்பான். தேய்ந்த ரெக்கார்டை எடுத்துவிட்டுப் புதிதை வைப்பான், ஊசியைத் துடைப்பான், ஓடுகிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு பொத்தானை அழுத்துவான். ஆறேழு நொடி ஓடினால் போதும், நிறுத்திவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவான். இருபது வருஷம் பாட்டை வைத்துச் சாப்பிட்ட மனுஷன் ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. அல்வாக் கடைக்காரனுக்கு அல்வா இனிக்காது என்பார்கள். இவனோ ருசி பார்க்கவே இல்லை.

பாட்டுக் கேட்டவள் இமோஜீன். வியாழக்கிழமைதோறும் கம்பெனியிலிருந்து புது ரெக்கார்டுகள் அட்டைப்பெட்டியில் வரும். ஒவ்வொன்றுக்கும் பாட்டுப்பெட்டியின் முகப்பில் செருகுகிற பெயர்ச்சீட்டை டைப் அடிக்க வேண்டும். அது இமோஜீன் வேலை. சம்பளமில்லாத வேலை. எங்கள் பக்கத்தில் பாட்டுப்பெட்டிக்காரர்களின் மனைவிமார்கள் எல்லோருக்கும் அந்த வேலை உண்டு.

ரெக்கார்டுக்கு இரண்டு பக்கம். முன்பக்கத்தில் கம்பெனி விற்க நினைக்கிற பாட்டு இருக்கும். பின்பக்கத்தைச் சும்மா விடக்கூடாதே என்று இன்னொன்றை வைப்பார்கள். ரேடியோக்காரர்கள் முன்பக்கத்தைத்தான் போடுவார்கள். திருப்பிப் போட்டால் கை சுளுக்கிக்கொள்ளும் என்று நினைத்தார்களோ என்னவோ. பெயர்ச்சீட்டில் மேல்வரியில் முன்பக்கத்துப் பாட்டு, கீழ்வரியில் பின்பக்கத்துப் பாட்டு, வரிக்கு ஒரு பொத்தான். ரெக்கார்டு மேலேயே பேர் அச்சடித்திருப்பதால் அதைப் பார்த்து அடித்தால் போதும், கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இமோஜீன் சமையலறை மேசையில் ஒரு சின்னப் பிளேயரை வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் கேட்ட பிறகுதான் டைப் அடிப்பாள். பாட்டு எழுதியவர் பேரைத் தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதையும் வாசித்துப் பார்ப்பாள்.

சாயங்காலம் ஹோபர்ட் வேன் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்துகொண்டு வந்து ஒரே கேள்விதான் கேட்பாள்.

"அந்தப் பக்கம் மழையா?"

எங்கள் மலைகளில் முகட்டுக்கு இந்தப் பக்கம் வெயில் அடிக்கும், அந்தப் பக்கம் கொட்டிக்கொண்டிருக்கும். நாள் முழுக்க வீட்டில் ஒற்றை ஆளாக இருந்தவளுக்கு அந்தப் பக்கத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை. மழையைச் சொன்னால் சாலையைச் சொல்வான், சாலையைச் சொன்னால் கடையைச் சொல்வான், கடையில் பேசினதைச் சொல்வான் என்று ஒரு நப்பாசை.

"கொஞ்சம்," என்பான் ஹோபர்ட். பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவான்.

1971 வசந்தத்தில் ஒரு வியாழக்கிழமை வில்டா ராட்லிஃபின் ரெக்கார்டு வந்தது. வில்டாவை எல்லோருக்கும் தெரியும். வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் ஒரு மரத்து ஸ்டியரிங்கைச் சுழற்றிக்கொண்டே மேடைக்கு வருவாள். கோமாளி என்று சொன்னால் கோபிக்க மாட்டாள், அதுதான் அவள் பிழைப்பு. முன்பக்கப் பாட்டு 'ஏய் பக், என் லாரியைத் தொடாதே', பக் என்கிறவனை ஒரு லாரிக்காரி அதட்டுகிற வேடிக்கைப் பாட்டு. அந்த வருஷம் அந்தப் பாட்டைப் பாடாத பிள்ளை இல்லை, அதைக் கேட்டுத் தலைவலி வராத பெற்றோர் இல்லை. அது வேறு யாரோ எழுதிக் கொடுத்தது. பின்பக்கத்தில் 'கொஞ்சந்தான்' என்று ஒரு பாட்டு. அதன் கீழே பொடி எழுத்தில் வி. ராட்லிஃப் என்று இருந்தது.

அன்றைக்கு இமோஜீன் மழையைப் பற்றிக் கேட்கவில்லை. அவன் அவரைக் குழம்பில் சோள ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஹோபர்ட், இந்த லாரிக்காரி இருக்காளே, இவளுக்குப் பாட்டு எழுத வரும். நெஜமாவே வரும்."

"ம்."

"ஒரு பொண்ணு பேசறா, அவ்வளவுதான். அழுகை இல்ல, ஒப்பாரி இல்ல. அழுதிருந்தா நூத்தோட நூத்தி ஒண்ணாப் போயிருக்கும். கேள்வி, பதில், கேள்வி, பதில். கடைசியில ஒரு எடத்துல பதில் வராது. அந்த எடத்துல கிடாரைக்கூட நிறுத்திட்டா. அங்க நிறுத்தணும்னு யார் சொல்லிக் குடுத்தா அவளுக்கு?"

"ம்."

"போடட்டுமா? ரெண்டரை நிமிஷந்தான்."

"நாளைக்குக் கேக்கறேன். களைப்பா இருக்கு."

"ரொம்பக் களைப்பா?"

"கொஞ்சம்."

இமோஜீன் அவனையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அவன் தட்டில் இன்னொரு கரண்டி அவரையை வைத்தாள். "கம்பெனியில இந்த ரெக்கார்டை முப்பது சேத்து அனுப்பச் சொல்லு," என்றாள். எதற்கு என்றான். தேவைப்படும் என்றாள். அவன் மறுநாளே சொல்லிவிட்டான். சொன்னதைச் செய்வதில் ஹோபர்ட் குறை வைக்கிற ஆள் இல்லை.

மூன்று வாரம் கழித்து விஷயம் வெளியே வந்தது. ஓபல் ஸ்லோன் என்பவள் ராக்ஹவுஸ் ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். கரண்டியால் பேசுகிறவள், அதாவது கையில் எது இருக்கிறதோ அதை நீட்டித்தான் பேசுவாள். ஹோபர்ட் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன்யா, லாரிப் பாட்டை அழுத்தினா வேற பாட்டு வருது, தெரியுமா உனக்கு?"

ஹோபர்ட் சீட்டைப் பார்த்தான். 'கொஞ்சந்தான்' மேல்வரியில் இருந்தது, 'ஏய் பக்' கீழே இருந்தது. தலைகீழ். முன்பக்கத்துக்கான பொத்தானுக்கு நேராகப் பின்பக்கத்தின் பேர், பின்பக்கத்துக்கு முன்பக்கத்தின் பேர். லாரிப் பாட்டுக்கு ஆசைப்பட்டுக் காசு போட்ட அத்தனை பேரும் மூன்று வாரமாக இன்னொன்றைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"மூணு வாரமா ஒருத்தரும் சொல்லலியா?"

"மொத நாளு சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள பாட்டு பாதிக்கு வந்திருச்சு. அப்புறம் சொல்லத் தோணல." கையிலிருந்த ரொட்டித் திருப்பியை அவன் மார்புக்கு நேராக நீட்டினாள். "மாத்தித் தொலைச்சிராதே."

மாற்றினான். நாற்பத்தோரு பெட்டியிலும் அதே தப்பு இருந்தது. அந்த வாரச் சுற்று முடிந்த சாயங்காலம் வீட்டுக்குப் போய், கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான். கம்பெனிக்காரன் காதுக்கு எட்டினால் என்ன ஆகும், பார்த்து அடிக்கத் தெரியாதா, கண் எங்கே போயிற்று என்றெல்லாம் கத்தினான்.

இமோஜீன் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. "மாத்தி அடிச்சிட்டேன் போல," என்றாள். அதற்குப் பிறகு, "நீ கேட்டியா அதை?" என்றாள்.

"எதை?"

"ஒண்ணுமில்ல," என்று சொல்லி டைப்ரைட்டரை இழுத்து வைத்துக்கொண்டாள். நாற்பத்தோரு சீட்டையும் உட்கார்ந்த இடத்தில் திருத்தி அடித்துக் கொடுத்தாள்.

திருத்திய பிறகுதான் வேடிக்கை. 'ஏய் பக்' ஆறு மாதத்தில் ஓய்ந்தது, அந்த மாதிரிப் பாட்டுக்கு அதுதான் ஆயுசு. 'கொஞ்சந்தான்' ஓயவில்லை. மற்ற ஊர்களில் அப்படி ஒரு பாட்டு இருப்பதே தெரியாது. எங்கள் மூன்று மாவட்டத்தில் மட்டும் கல்யாணத்தில் போட்டார்கள், சுரங்க வேலைநிறுத்தப் பந்தலில் பாடினார்கள், இழவு வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே முணுமுணுத்தார்கள். ஹோபர்டுக்குத் தெரிந்ததெல்லாம் ரெக்கார்டு தேய்கிறது என்பதுதான். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, மறுபக்கம் சாம்பல் பூத்திருக்கும். எடுத்துவிட்டு இமோஜீன் வாங்கி வைத்த முப்பதிலிருந்து இன்னொன்றை வைப்பான். இன்னொன்றையும் அவன் கவனித்திருந்தான். கடையில் யாராவது கேட்டதற்கு அவன் 'கொஞ்சம்' என்று சொன்னால் பக்கத்து மேசையில் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏன் என்று அவன் கேட்டதில்லை. தன் வாயில் வருகிற சொல்லை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்?

எட்டு வருஷம் போயிற்று. அதற்குள் எப்போதோ இமோஜீன் மழையைப் பற்றிக் கேட்பதை நிறுத்தியிருந்தாள். எந்த வருஷம் என்று கேட்டால் ஹோபர்டால் சொல்ல முடியாது. ஒஹையோவில் டேட்டன் நகரத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போன மகள் க்ளென்னா ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அம்மா மாதிரியே, "அங்க மழையாப்பா?" என்பாள். அவனும் வழக்கம்போல் பதில் சொல்லிவிட்டு ரிசீவரை மனைவியிடம் கொடுத்துவிடுவான்.

கொடுக்க ஆள் இல்லாமல் போனபின் அந்த போன் பேச்சு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடவில்லை. க்ளென்னா கேட்பாள், அவன் சொல்வான், பிறகு இரண்டு பேரும் கம்பியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நடுவில் மூன்று வாரம் அவள் கூப்பிடவே இல்லை. அதுவும் அவனுக்கு உறைக்கவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டான். பெயர்ச்சீட்டையும் நின்றபடியே ஒற்றை விரலால் குத்திக் குத்தி அடித்தான். டைப்ரைட்டர் மேல் மடித்து வைத்திருந்த இமோஜீனின் கண்ணாடியைத் தள்ளி வைத்துவிட்டு அடிப்பான், முடித்ததும் பழைய இடத்திலேயே வைத்துவிடுவான்.

செப்டம்பரில் கரும்புச்சோளப் பாகு காய்ச்சுகிற திருவிழாவுக்கு வில்டா ராட்லிஃபைக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட விளையாட்டு அரங்கத்தில் கச்சேரி. ஹோபர்ட் போகவில்லை. சனிக்கிழமை மதியம் அவன் ஓபல் கடைப் பெட்டியைத் திறந்து, முப்பதில் மிஞ்சிய கடைசி ரெக்கார்டை வைத்துக்கொண்டிருந்தபோது ஓபல் கதை சொன்னாள்.

"தொப்பியும் ஸ்டியரிங்குமா வந்து 'ஏய் பக்' பாடினா. கை தட்டினாங்க, மரியாதைக்கு. அப்புறம் பின்னாலேருந்து ஒருத்தன் 'கொஞ்சந்தான்' பாடுன்னான். எல்லாரும் கத்த ஆரம்பிச்சிட்டாங்க. அவ முழிச்ச முழிய நீ பாக்கணுமே! ரெண்டாவது அடி மறந்துபோச்சு அவளுக்கு. எட்டு வருஷமா பாடவே இல்லையாம். ஊரே சேந்து எடுத்துக் குடுத்துச்சு. ஸ்டியரிங்கக் கீழ வெச்சிட்டு அப்படியே நின்னா." ஓபல் துடைத்துக்கொண்டிருந்த துணியால் வாசலைக் காட்டினாள். "இந்தா, வராளே."

தொப்பி இல்லாமல் அவளை யாருக்கும் அடையாளம் தெரியாது. நரைத்த குட்டை முடியும் கம்பளிச் சட்டையுமாக ஐம்பது வயது மதிக்கத்தக்க பொம்பளை ஒருத்தி வந்தாள். நேராகப் பெட்டிக்கு வந்தாள்.

"மிஸ்டர் டாக்கெட் நீங்கதானே? இந்த ஊருப் பெட்டியெல்லாம் உங்க கையில இருக்குன்னாங்க. வர்ற வழியில நல்ல மழை. நீங்க வந்த பக்கமும் மழையா?"

"கொஞ்சம்."

கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள். வில்டா அவர்களையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மரியாதைக்குப் பொய் சொல்லாதீங்க. நான் பதினோரு பாட்டு எழுதியிருக்கேன். பதினொண்ணும் பின்பக்கம். 'முதுகு காலியாத்தானே கெடக்கு, எழுதிக்கோ'ன்னு கம்பெனியில குடுத்த எடம் அது. ஒரு பாட்டையும் ஒரு ரேடியோக்காரனும் திருப்பிப் போட்டதில்ல. 'உனக்கு எழுத வராது வில்டா, ஸ்டியரிங்கப் பிடிச்சுக்க'ன்னு இருபது வருஷமாச் சொல்றாங்க. போன மாசந்தான் சரின்னு ஒத்துக்கிட்டு எழுதறத விட்டேன். இப்ப இங்க வந்தா ஊரே அதைப் பாடுது. வேற எந்த ஊருலயும் இல்ல, இங்க மட்டும். ஏன்?"

ஏன் என்பது ஹோபர்டுக்குத் தெரியும். சொன்னால் இமோஜீனின் தப்பைச் சொல்ல வேண்டும். செத்துப்போனவள் மேல் தப்பைச் சுமத்துவது எங்கள் பக்கத்தில் மட்டமான காரியம். சொல்லாவிட்டால் இவள் கேட்டதற்குப் பொய் சொன்னதாகும். அவன் கையிலிருந்த தேய்ந்த ரெக்கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தப்பா நடந்துபோச்சு," என்றான். "சீட்டைத் தலைகீழா அடிச்சாச்சு. லாரிப் பாட்டுன்னு நெனச்சு அழுத்தினாங்க. உங்களோடது வந்துச்சு. மூணு வாரம் யாரும் சொல்லல. அவ்வளவுதான் சங்கதி."

வில்டாவின் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போயிற்று. "டைப்பிங் தப்பு," என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "சரி. தெரிஞ்சுகிட்டது நல்லதுதான்."

"அடச்சீ, முழுசாச் சொல்லேன்யா!" ஓபல் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். "மூணு வாரத்துல நீ திருத்தினியா இல்லியா?"

"திருத்தினேன்."

"அதுக்கப்புறம் எட்டு வருஷம் இந்தப் பொத்தானை அழுத்தினது யாரு, பிசாசா? கையில என்ன வெச்சிருக்க, காட்டு அவளுக்கு."

ஹோபர்ட் ரெக்கார்டை நீட்டினான். வில்டா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். 'ஏய் பக்' பக்கம் நேற்று வாங்கினது போல மின்னியது. திருப்பினாள். பாட்டின் பேர் தெரிந்தது, அதற்குக் கீழே வி. ராட்லிஃப் என்ற பொடி எழுத்து தெரிந்தது, மற்றதெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

"இது எத்தனாவது?"

"முப்பதாவதை இப்பத்தான் பெட்டியில வெச்சேன். எல்லா ஊருக்கும் சேத்து. இமோஜீன் முப்பது சேத்து வாங்கச் சொன்னா."

"யாரு?"

"என் வீட்டுக்காரி. சீட்டு அடிச்சது அவதான். ஜனவரியில போயிட்டா."

"எப்ப வாங்கச் சொன்னாங்க? பாட்டு நல்லாப் போகுதுன்னு தெரிஞ்சப்புறமா?"

"இல்ல. ரெக்கார்டு வந்த அன்னிக்கே."

"சீட்டு அடிக்கறதுக்கு முன்னாடியா?"

ஹோபர்ட் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். வில்டா அடுத்ததையும் கேட்டாள். "அவங்க நெறையத் தப்பு விடுவாங்களோ?"

"அதுக்கு முன்னாடி பன்னெண்டு வருஷம் அடிச்சா. அப்புறம் எட்டு வருஷம்." ஹோபர்ட் பெட்டியின் சீட்டு வரிசையைப் பார்த்தான். "ஒரு எழுத்துகூடத் தப்பினதில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அவன் சொன்னது அவனுக்கே கேட்டது. கடையில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள்.

"பாட்டு பிடிக்குமா உங்களுக்கு?" என்றாள் வில்டா, மெதுவாக.

"கேட்டதில்ல."

"எதைக் கேட்டதில்ல?"

"அந்தப் பாட்டை. ஊசி ஓடுதான்னு பாப்பேன். ஆறேழு செகண்டு."

ஓபல் நெற்றியில் அடித்துக்கொண்டாள். தன் பாக்கெட்டிலிருந்து ஒரு காசை எடுத்துப் பெட்டியில் போட்டுப் பொத்தானை அழுத்தினாள். ஹோபர்டின் கை வழக்கப்படி நிறுத்துகிற விசைக்குப் போயிற்று. ஓபல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிடார் ஒன்றுதான். வேறு வாத்தியமே இல்லை. வில்டாவின் குரல் பாடுகிற மாதிரியே இல்லை, அடுப்படியிலிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

*அந்தப் பக்கம் மழையா? கொஞ்சந்தான்.*
*பாதையெல்லாம் சேறா? கொஞ்சந்தான்.*
*அவரையில உப்பு? கொஞ்சந்தான்.*
*என் பேச்சு கேக்குதா? கொஞ்சந்தான்.*

ஹோபர்ட் திருப்புளியைப் பிடித்தபடி நின்றான். இரண்டாவது அடியில் அந்தப் பெண் கடிதம் வந்ததா என்று கேட்டாள், மகளை நினைவிருக்கிறதா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது. கடையில் ஒருவரும் ஒருவரை இடித்துக்கொள்ளவில்லை. பிறகு மூன்றாவது அடி வந்தது.

*நான் போயிட்டா என்னைத் தேடுவியா?*

கிடார் நின்றது. ஊசியின் கீறல் சத்தம் மட்டும் கேட்டது. இமோஜீன் சொன்ன இடம் இதுதான். புது ரெக்கார்டு என்பதால் அந்த இடைவெளி சுத்தமாக இருந்தது. வில்டா ஒரு மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

*அவன் வாயே தொறக்கல. அவனுக்கும் சேத்து*
*நானே சொல்லிக்கிட்டேன்: கொஞ்சந்தான்.*

பாட்டு முடிந்தது. பெட்டிக்குள்ளிருந்த இயந்திரக் கை ரெக்கார்டைத் தூக்கி வரிசையில் வைத்தது. எல்லோரும் ஹோபர்டைப் பார்த்தார்கள். அவன் கண் கலங்கவில்லை, முகமும் மாறவில்லை. உள்ளே ஏதாவது நடந்திருந்தால் அது அவனுக்கே இன்னும் தெரியவரவில்லை. எதையாவது சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"ஊசி நல்லாத்தான் இருக்கு," என்றான்.

ஒருவன் சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டான். வில்டா சிரிக்கவில்லை. அவனையே பார்த்தாள். பிறகு ஓபல் பக்கம் கையை நீட்டினாள்.

"ஒரு பென்சில் குடும்மா."

ஓபல் காதில் செருகியிருந்த பென்சிலைக் கொடுத்தாள். வில்டா காகிதக் கைக்குட்டை ஒன்றை எடுத்து விரித்து அதில் ஒரு வரி எழுதினாள். எழுதிவிட்டு அதை ஹோபர்டிடம் காட்டினாள். "நீங்க இப்பச் சொன்னது. நான் எடுத்துக்கலாமா?"

"எதுக்கு?"

"தேவைப்படும்," என்றாள் வில்டா.

தேய்ந்த ரெக்கார்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் ஏறுவதற்குள் அந்தக் காகிதம் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது என்று பின்னால் ஓபல் சொன்னாள். பென்சிலும் திரும்பி வரவில்லையாம்.

ஹோபர்ட் மிச்சமிருந்த ஐந்து பெட்டிகளையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனான். நின்றுகொண்டே சாப்பிட்டான், தூங்கினான். மறுநாள் ஞாயிறு, மதியம் போன் அடித்தது. க்ளென்னாதான்.

"எப்படியிருக்கீங்கப்பா? சாப்பிட்டீங்களா?" கேட்டுவிட்டு, அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் பழக்கத்தில் கேட்டாள். "அங்க மழையா?"

அவன் வாய் அந்தச் சொல்லுக்குத் தயாராகிவிட்டது. முதல் எழுத்து உதட்டுக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. கம்பியில் இரைச்சல் மட்டும் இருந்தது. டேட்டனில் க்ளென்னா, வழக்கம்போல் போனை வைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து பெஞ்சுது," என்றான் ஹோபர்ட்.

"ம்?"

"ராக்ஹவுஸ் முகடு ஏறுற வரைக்கும் இங்க காஞ்சு கெடந்துச்சு. அந்தப் பக்கம் எறங்கினா சுவரு மாதிரி நிக்குது. வேனோட துடைப்பான் ஒண்ணு வேலை செய்யல, சன்னல் வழியாத் தலைய நீட்டிக்கிட்டுத்தான் ஓட்டினேன். ஓடைப் பாலத்துல தண்ணி ஏறிருச்சு. அங்க ஒரு கோவேறு கழுதை நின்னுக்கிட்டு நகரமாட்டேங்குது. யாரோடதுன்னு தெரியல. நானும் எறங்கி அது கூட நின்னேன். பத்து நிமிஷம் இருக்கும். நல்லா நனைஞ்சிட்டேன்."

"அப்பா, உங்களுக்கு உடம்பு ஒண்ணும் இல்லையே? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல. கேளு. அப்புறம் ஓபல் கடைக்குப் போனேன்." ரிசீவரை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாக அந்தச் சமையலறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எதிரில் டைப்ரைட்டர் மேல் கண்ணாடி இருந்தது. "உங்கம்மாவுக்கு இதையெல்லாம் சொல்லியிருக்கணும் நான். இருபது வருஷ மழை இருக்கு க்ளென்னா. உனக்கு நேரம் இருக்கா?"